எச்.ஐ.வி. சிகிச்சையின் நீண்ட பாதை: இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நேர்வது என்ன?

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தேர்வான அரசு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. காசநோயாளிகளுக்காக 1928இல் எழுந்த அந்த வளாகம், தொண்ணூறுகளிலிருந்து எய்ட்ஸ் நோயாளிகள் வந்து படுத்த இடம். பலர் வீடு திரும்பாத இடம். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் கண்டறிந்தது 1986இல். ஏழைகளின் கைக்கு மருந்து எட்ட அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்த நாள் வந்ததில் இந்திய மருந்து நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது; அதுவரை பணக்கார நாடுகளில் அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

அன்று முப்பது வயதில் முதல் மாத்திரையை விழுங்கியவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர்; அவர்களில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இருக்கிறார்கள். நாள் தவறாமல் மாத்திரை எடுப்பவர்களுக்கு எய்ட்ஸ் மரணம் அரிதாகிவிட்டது. இன்று அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறேனே, கிட்னி கெட்டுப்போயிடாதா? ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதா?"

நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. இந்த மருந்துகளால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு வருமா என்றால், சில மருந்துகளால் சிலருக்கு வரும். மருந்தை விட்டுவிட்டால் அந்த உறுப்புகள் தப்புமா என்றால், தப்பாது. ஆபத்து இன்னும் கூடும். முதல் பதிலை மறைத்தால் நோயாளியின் நம்பிக்கை போகும். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் உயிரே போகும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கான சான்றுகள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் திரண்டிருக்கின்றன.

மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு

2000களின் தொடக்கத்தில் மருத்துவர்களுக்கே ஓர் எண்ணம் இருந்தது. மருந்துகளுக்குப் பக்கவிளைவு அதிகம். ஆகவே நோய் எதிர்ப்பு அணுக்கள் நன்றாக ஏறியிருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மறுபடி தொடங்கினால் உடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவர்கள் கருதினார்கள். இதைச் சோதிக்க 'ஸ்மார்ட்' என்ற ஆய்வு தொடங்கியது. 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினர் இடைவிடாமல் மருந்து எடுத்தார்கள். மறுபாதியினர் சிடி4 எனப்படும் அந்த எதிர்ப்பு அணுக்கள் 350க்கு மேல் இருக்கும்வரை மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கியதும் தொடங்கினார்கள்.

2006 ஜனவரியில் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களிடையே சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ நேரும் வாய்ப்பு 2.6 மடங்காக இருந்தது. அது ஓரளவு எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காத முடிவு இன்னொன்று: இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கடும் நோய்களும் அந்தக் குழுவில்தான் அதிகம், 1.7 மடங்கு. எந்த உறுப்புகளை மருந்திடமிருந்து காப்பாற்ற நினைத்தார்களோ, அந்த உறுப்புகளே மருந்தில்லாமல் கெட்டன.

அதே ஆய்வில் சேமித்துவைத்த ரத்த மாதிரிகள் காரணத்தைக் காட்டின. மருந்தை நிறுத்திய ஒரே மாதத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, உறைதலைக் காட்டும் டி-டைமர் ஆகிய இரண்டும் ஏறியிருந்தன. இவை எவருக்கு அதிகமாக இருந்தனவோ, அவர்களிடையே மரணமும் அதிகமாக இருந்தது. வைரஸ் பெருகத் தொடங்கியதுமே ரத்தக் குழாய்களில் அதன் விளைவு தெரிந்துவிடுகிறது. 'கொஞ்ச நாள் மாத்திரையை விட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம்' என்ற நினைப்புக்கு அறிவியலில் இடமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை.

வைரஸ் இதயத்தைத் தொடும் வழி

எச்.ஐ.வி. தொற்றிய தொடக்க வாரங்களிலேயே குடல் சுவரை ஒட்டியிருக்கும் எதிர்ப்பு அணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. வேலி பிரிந்த வயல்போல் ஆகிறது குடல் சுவர். பாக்டீரியாக்களின் சிதைபொருள்கள் ரத்தத்துக்குள் கசிகின்றன. உடலின் பாதுகாப்பு அமைப்பு அவற்றை எதிர்த்து ஓயாமல் விழித்திருக்கிறது. மருந்து வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்கு அடக்கிய பிறகும் இந்த விழிப்பு முழுதாக அடங்குவதில்லை. தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் தமனிச் சுவரில் நுழைந்து கொழுப்பை விழுங்கித் திட்டுகளாகின்றன. இந்தத் திட்டுகளில் சுண்ணாம்பு படியாத, மென்மையான, எளிதில் வெடிக்கக்கூடிய வகை எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இதை எண்ணிக்கையில் காட்டியது அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு. 82,459 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான அந்த ஆய்வில், புகை, ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. வைரஸே இதயத்துக்கு ஓர் ஆபத்துக் காரணி. சர்க்கரை நோயாளியின் இதயத்தை மருத்துவர் எப்படிக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பாரோ, அப்படித்தான் எச்.ஐ.வி. உள்ளவரின் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

மருந்தின் பங்கு எவ்வளவு?

மருந்தின் பங்கை அளக்கப் பிறந்தது 'டிஏடி' எனப்படும் பன்னாட்டு ஆய்வு. 1999இல் தொடங்கி, டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டது. 2003இல் வெளியான அதன் முதல் முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது: கூட்டு மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 சதவீதம் கூடுகிறது.

இந்தச் சதவீதத்தைக் கேட்டதும் பயம் வரும். ஆனால் சதவீதம் எதன்மேல் ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்த 23,468 பேரில் மாரடைப்பு வந்தவர்கள் 126 பேர். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேர் என்ற விகிதம். சிறிய எண்ணில் 26 சதவீதம் ஏறினாலும் சிறிய எண்ணாகவே இருக்கும். அதே காலத்தில் எய்ட்ஸிலிருந்து மருந்து காப்பாற்றிய உயிர்களோ எண்ணிலடங்காதவை. ஆனால் ஒருவருக்கு முன்பே புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருந்தால் அடித்தள எண்ணே பெரிதாகிவிடும். அப்போது மருந்தின் கூடுதலும் பெரிதாகும். எந்த மருந்து என்ற கேள்விக்கு விடை, யாருக்கு என்பதைப் பொறுத்தே அமைகிறது.

2007இல் அதே ஆய்வு குற்றவாளியை இன்னும் நெருங்கியது. ரத்தக் கொழுப்பையும் இன்சுலின் எதிர்ப்பையும் ஏற்றும் 'புரோட்டியேஸ் தடுப்பான்' என்ற மருந்து வகையே ஆபத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. ஆண்டுக்கு 16 சதவீதக் கூடுதல். இந்த வகையிலும் எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பது 2018இல் விளங்கியது: டாருனாவிர் மருந்தோடு இதய ஆபத்து கூடியது, அட்டாசனாவிரோடு கூடவில்லை. இந்தியாவின் அரசுத் திட்டத்தில் முதல்நிலை மருந்து பலனளிக்காதவர்களுக்கு இரண்டாம் நிலையில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டு வந்தது அட்டாசனாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த கூட்டு. இதயத்தின் கணக்கில் அது நல்ல தேர்வு. சிறுநீரகத்தின் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது.

அபாகாவிர் என்ற மருந்தின் கதை இன்னும் சிக்கலானது. 2008இல் டிஏடி ஆய்வு, அபாகாவிரை அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 90 சதவீதம் கூடுதல் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 26 மருத்துவச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை என்றது. இந்த முரணுக்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் என்ற மருந்தைத் தவிர்த்து அபாகாவிரைக் கொடுத்தார்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயல்பாகவே மாரடைப்பு அதிகம், ஆகவே பழி மருந்தின்மேல் விழுந்தது. ஆனால் பிறகு வந்த பல ஆய்வுகளிலும், 2024இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்விலும், ஆபத்துக் குறி மறையவில்லை. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும்படி அபாகாவிர் தூண்டுகிறது என்ற ஆய்வகச் சான்றும் உண்டு. இதய நோய் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு அபாகாவிரைத் தவிர்ப்பதே இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களின் நிலை.

டெனோஃபோவிரும் சிறுநீரகமும்

இன்று இந்தியாவில் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலானோர் விழுங்குவது ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50. 'டிஎல்டி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதற்கு முந்தைய தலைமுறை மருந்தான ஸ்டாவுடின் கன்னங்களைக் குழிவிழச் செய்து, முகத்தைப் பார்த்தே நோயை ஊர் அறியும்படி ஆக்கியது. அதோடு ஒப்பிட்டால் டெனோஃபோவிர் பெரும் முன்னேற்றம். பலன் உறுதி, விலை குறைவு, ரத்தக் கொழுப்பையும் சற்றுக் குறைக்கிறது.

அதன் பலவீனம் சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டியபின், உடலுக்கு வேண்டிய சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலம் ஆகியவற்றை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. டெனோஃபோவிர் உடலைவிட்டு வெளியேறும் பாதை இந்த நுண்குழல்களின் முதற்பகுதிச் செல்கள் வழியாகப் போகிறது. உள்ளே இழுக்கும் வேகம் அதிகமாகி, வெளியே தள்ளும் வேகம் குறைந்தால் மருந்து செல்லுக்குள் தேங்கும். தேங்கிய மருந்து செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. அப்போது நுண்குழல்கள் உறிஞ்சும் வேலையை விட்டுவிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரியும், புரதம் கசியும், பாஸ்பேட் இழப்பால் எலும்பு வலுவிழந்து வலிக்கும். ஃபான்கோனி நோய்க்குறி என்று இதற்குப் பெயர். இந்த முழு வடிவம் அரிது. மெதுவான தேய்மானம் அவ்வளவு அரிதல்ல.

10,841 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவின்படி, டெனோஃபோவிர் எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் சிறுநீரில் புரதம் கசியும் வாய்ப்பை 34 சதவீதமும் நாள்பட்ட சிறுநீரக நோய் வாய்ப்பை 33 சதவீதமும் கூட்டியது. ஐரோப்பாவில் 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு, நாள்பட்ட சிறுநீரக நோய் வாய்ப்பு டெனோஃபோவிரால் ஆண்டுக்கு 16 சதவீதமும் அட்டாசனாவிரால் 21 சதவீதமும் கூடுகிறது என்று கணக்கிட்டது. அட்டாசனாவிர் சிறுநீரில் படிகங்களாகப் படிந்து கல்லாகவும் மாறும். அதோடு சேர்க்கும் ரிட்டோனாவிர், ரத்தத்தில் டெனோஃபோவிரின் அளவையும் ஏற்றுகிறது. ஆகவே டெனோஃபோவிர், அட்டாசனாவிர், ரிட்டோனாவிர் மூன்றும் சேர்ந்த இரண்டாம் நிலைச் சிகிச்சையில் இருப்பவரின் சிறுநீரகத்தை மற்றவர்களைவிட நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

இங்கும் வைரஸின் பங்கை மறந்துவிடக் கூடாது. அடக்கப்படாத எச்.ஐ.வி. சிறுநீரகத்தின் வடிகட்டிச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது. 1984இல் நியூயார்க்கில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், மேற்கு ஆப்பிரிக்க மரபுவழியினரிடம் காணப்படும் ஒரு மரபணு வேறுபாட்டோடு இணைந்தது, இந்தியர்களிடம் குறைவு. ஆனால் வைரஸால் வரும் வேறு வகைச் சிறுநீரக அழற்சிகள் எங்கும் உண்டு. அவற்றுக்கெல்லாம் முதல் மருந்து கூட்டு மருந்துதான்.

ஓர் எண், இரண்டு உடல்கள்

சிறுநீரகத்தின் நிலையை அறிய, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் கிரியேட்டினின் பார்க்கிறார்கள். நம் ஊர்களில் 'ரத்தத்தில் உப்பு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

முதல் ஏமாற்றம், நோய் இருந்தும் இல்லாததுபோல் தெரிவது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த மெலிந்த உடலில், சிறுநீரகம் பழுதான பிறகும் அந்த எண் பெரிதாக ஏறாது. 1976 முதல் பயன்பாட்டில் உள்ள காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் இதற்காகவே வயதையும் எடையையும் கணக்கில் சேர்க்கிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐயும் கிரியேட்டினினையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள 30 வயது இளைஞருக்கு கிரியேட்டினின் 1.2 என்றால் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 89 மில்லிலிட்டர், கவலையில்லை. 40 கிலோ எடையுள்ள 60 வயது அம்மாவுக்கும் அதே 1.2 என்றால் விடை 31 மில்லிலிட்டர். முழு அளவு டெனோஃபோவிரை நாள்தோறும் கொடுக்கக் கூடாத நிலை அது. பரிசோதனைச் சீட்டில் இருவரின் எண்ணும் ஒன்றுதான். நம் கிராமத்துப் பெண்களில் மெலிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால், இந்தச் சிறிய கணக்கு எத்தனை சிறுநீரகங்களைக் காக்கும் என்பது புரியும்.

இரண்டாவது ஏமாற்றம், நோயில்லாமலேயே இருப்பதுபோல் தெரிவது. டோலுடெகிராவிர், சிறுநீரக நுண்குழல் வழியாகக் கிரியேட்டினின் சுரப்பதைச் சற்றுத் தடுக்கிறது. அதனால் டிஎல்டி தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் 0.1 முதல் 0.15 வரை ஏறி அங்கேயே நிற்கும். வடிகட்டும் திறன் குறையவில்லை. எண் மட்டும் நகர்ந்திருக்கிறது. இதைச் சிறுநீரகக் கோளாறு என்று எண்ணி நல்ல மருந்தை மாற்றிவிடும் தவறு நேரக் கூடாது. ஏற்றம் நிற்காமல் தொடர்ந்தாலோ, சிறுநீரில் புரதமோ சர்க்கரையோ தெரிந்தாலோ அது வேறு கதை. அதனால்தான் ரத்தப் பரிசோதனையோடு, சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் எளிய சோதனையும் கட்டாயம் வேண்டும்.

இதயமா, சிறுநீரகமா?

மருந்தை மாற்றினால் தீராதா என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு.

டெனோஃபோவிரின் புதிய வடிவமான அலாஃபெனமைடு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய வடிவத்தைவிட ரத்தத்தில் டெனோஃபோவிரின் அளவை ஏறத்தாழ 90 சதவீதம் குறைக்கிறது. சிறுநீரகமும் எலும்பும் நிம்மதியடைகின்றன. ஆனால் பழைய வடிவம் ரத்தக் கொழுப்பைத் தாழ்த்திவைத்த நன்மை இதில் இல்லை. எடையும் கூடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் 1,053 பேரிடம் நடந்து 2019இல் வெளியான 'அட்வான்ஸ்' ஆய்வில், 48 வாரங்களில் அலாஃபெனமைடும் டோலுடெகிராவிரும் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 6 கிலோவுக்கு மேல் எடை ஏறியது. பழைய டெனோஃபோவிரோடு டோலுடெகிராவிர் எடுத்தவர்களுக்கு ஏறியது அதில் பாதி. பெண்களிடம் ஏற்றம் கூடுதல். சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் மக்களிடையே இந்தக் கிலோக்களைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெனோஃபோவிருக்குப் பதிலாக நம் அரசுத் திட்டத்தில் கொடுக்கப்படும் முக்கிய மாற்று அபாகாவிர். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அந்த மாற்றம் இதயத்தின் கணக்கில் ஒரு கேள்விக்குறியைச் சேர்க்கிறது. அதுவும் சிறுநீரகம் பழுதாகி ஏற்கெனவே இதய ஆபத்து கூடியிருக்கும் ஒருவருக்கு. இன்னொரு கண்ணியும் உண்டு. டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கும் மருந்து. அந்தத் தொற்றும் சேர்ந்திருப்பவருக்கு அதை யோசிக்காமல் நிறுத்தினால் கல்லீரல் அழற்சி வெடிக்கலாம். மாற்றுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யாமல் விடுவது பெரும் பிழை.

இந்த இழுபறிக்கு வெளியே ஒரு வழி தெரிகிறது. டோலுடெகிராவிர், லாமிவுடின் ஆகிய இரண்டே மருந்துகள் போதும் என்று 1,433 பேரிடம் நடந்த 'ஜெமினி' ஆய்வுகள் காட்டின. 2019இல் அமெரிக்கா இந்தக் கூட்டுக்கு அனுமதி அளித்தது. ஹெபடைட்டிஸ் பி இல்லாத, லாமிவுடினுக்கு எதிர்ப்பு உருவாகாதவர்களுக்கு இது டெனோஃபோவிரையும் அபாகாவிரையும் ஒருசேரத் தவிர்க்கும். இரண்டுமே இந்தியாவில் தயாராகும் மருந்துகள். வயது ஏறி, சிறுநீரகமும் இதயமும் தளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டை அரசுத் திட்டத்தில் பரவலாகக் கொண்டுவருவது பற்றித் தீவிரமாகப் பேச வேண்டிய நேரம் இது.

ஒரு மலிவான மாத்திரை சொன்ன சேதி

இதய ஆபத்தைக் குறைக்க இதுவரை கிடைத்த வலுவான சான்று, எச்.ஐ.வி. மருந்தைத் தொடாமலேயே வந்தது. 'ரிப்ரீவ்' என்ற ஆய்வில் இந்தியா உட்பட 12 நாடுகளைச் சேர்ந்த, 40 முதல் 75 வயதுவரையுள்ள 7,769 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்கள், இதய நோய் வாய்ப்பு குறைவு அல்லது நடுத்தரம் என்று மதிப்பிடப்பட்டவர்கள், வழக்கமான கணக்கில் பலருக்குக் கொழுப்பு மாத்திரை தேவைப்படாது. பாதிப் பேருக்கு பிட்டாவாஸ்டாட்டின் 4 மில்லிகிராம், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வு முன்கூட்டியே முடிக்கப்பட்டு, 2023 ஜூலையில் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்திருந்தன. தசை வலியும் புதிதாகச் சர்க்கரை நோயும் சற்றுக் கூடின. ஆனாலும் நன்மையின் தட்டே தாழ்ந்தது.

ஸ்டாட்டின் நம் நாட்டில் மலிவு. ஆனால் எந்த ஸ்டாட்டின் என்பதில் கவனம் வேண்டும். ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் கொடுக்கவே கூடாது. கல்லீரலில் அது சிதைவதை ரிட்டோனாவிர் தடுத்துவிடும். ரத்தத்தில் அளவு பன்மடங்கு ஏறி, தசைகள் சிதைந்து, அந்தச் சிதைபொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். இதயத்துக்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் அபாயம் அது. அட்டோர்வாஸ்டாட்டினையும் குறைந்த அளவிலேயே கொடுக்க வேண்டும். டிஎல்டி எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதோடு புகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, நல்ல சிகிச்சையில் இருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர் புகைபிடித்தால், புகையால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள், வைரஸால் இழப்பது 5 ஆண்டுகள் என்று கணித்தது. பீடியை விடுவது எந்த மாத்திரை மாற்றத்தையும்விடப் பெரிய சிகிச்சை.

மறைக்கப்பட்ட சீட்டு

நம் சூழலில் இந்த ஆபத்துகளைப் பெருக்கும் இன்னொன்று இருக்கிறது. அது எந்த ஆய்வகத்திலும் அளக்கப்படுவதில்லை. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு நோயாளி. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு நோயாளி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கும் இடத்தில் எச்.ஐ.வி. பற்றி வாய் திறக்க மாட்டார். திறந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். டெனோஃபோவிர் எடுப்பவருக்கு அந்த வலிமாத்திரை சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடும் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் டெனோஃபோவிர் எடுப்பதே யாருக்கும் தெரியாது.

டோலுடெகிராவிர் எடுப்பவருக்கு, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் உடலில் கூடுதலாகத் தங்கும். நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதே வழக்கம். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். சர்க்கரை மருத்துவர் ஒரு பக்கம் அளவை ஏற்றிக்கொண்டேபோக, ஏ.ஆர்.டி. மருத்துவருக்கு அது தெரியாமலே இருக்கும். இரண்டு சீட்டுகளும் எங்கும் சந்திப்பதில்லை. சமூகத்தின் ஒதுக்கல் இங்கே நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், மருத்துவம் மறுப்பதையும் ஒப்புதலின்றி நிலையை வெளியிடுவதையும் தடைசெய்கிறது. ஆஞ்சியோகிராமுக்கும் டயாலிசிஸுக்கும் எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவது சட்டத்துக்கு விரோதம். உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் துணிவு நோயாளிக்கு வர, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை மருத்துவமனை செயலில் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் அன்றே ரத்த அழுத்தமும் எடையும் பார்க்கலாம். டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினோடு சிறுநீர்ப் பட்டைச் சோதனையும் செய்து, வயதையும் எடையையும் சேர்த்த கணக்கைச் சீட்டிலேயே எழுதலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்து, உரியவர்களுக்கு ஸ்டாட்டினை அங்கேயே கொடுக்கலாம். 2021இல் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அஞ்சுபவர்களுக்கு அதே மாத்திரைகள் ஏ.ஆர்.டி. மையத்திலேயே கிடைக்கட்டும். மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுப்பது பயணத்தையும் கூலியிழப்பையும் குறைக்கும் நல்ல ஏற்பாடு. வருகை குறைவதால் பரிசோதனை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவர்களும் மூன்றைக் கேட்டு வாங்கலாம்: என் ரத்த அழுத்தம் எவ்வளவு, என் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் எவ்வளவு, நான் எடுக்கும் மற்ற மாத்திரைகள் இதோடு ஒத்துப்போகுமா. வலிமாத்திரை வாங்குமுன் ஏ.ஆர்.டி. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ ஒரு வார்த்தை கேட்கலாம். கேள்விகளால் பயம் வந்தாலும் மாத்திரையை மட்டும் ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறது. வைரஸைத் திரும்ப எழவிட்டால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதைவிடப் பெரிய எதிரி இல்லை. இவ்வளவு காலம் வாழவைத்த சிகிச்சைக்கு, அந்த வாழ்வை நலமாக வைத்திருக்கும் பொறுப்பும் உண்டு. அந்தப் பொறுப்பை ரத்த அழுத்தக் கருவியிலும் சிறுநீர்ப் பட்டையிலும் தொடங்குவதற்கு இன்னொரு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.